சென்னைக்கு ஒரே வானிலைக் கோப்பு போதாது: ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், பெருநகர சென்னை மாநகராட்சி, மண்டல வானிலை ஆய்வு மையம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்னையில் எழும் பெரிய கட்டடங்களுக்கு எத்தனை டன் திறனுள்ள சில்லர் (குளிர்நீர் தரும் பெரிய குளிரூட்டி) வேண்டும், மேற்குச் சுவரில் எந்தக் கண்ணாடி போடலாம், ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதையெல்லாம் இன்று கணினி மாதிரிகளை வைத்தே முடிவு செய்கிறோம். சுவர், கூரை, விளக்கு, ஆட்களின் எண்ணிக்கை, வேலை நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாகக் கொடுக்கிறோம். வானிலை மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. திருவான்மியூரில் கடலைப் பார்த்து நிற்கும் அடுக்குமாடிக்கும், அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கூடத்துக்கும், ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மாதிரி ஆண்டுக் கோப்பு, அதாவது வழக்கமான ஓர் ஆண்டின் மணிவாரி வானிலைப் பட்டியல், ஒன்றே போகிறது.

எங்கள் கோரிக்கை இதுதான். நகருக்குள் ஏற்கெனவே இயங்கிவரும் கருவிகளின் மணிவாரி அளவீடுகளைத் திரட்டி, சரிபார்த்து, பகுதிவாரி வானிலைக் கோப்புகளாக எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும்படி வெளியிடுங்கள். கருவி இல்லாத பகுதிகளில் மட்டும் புதிதாக நிறுவுங்கள். இதில் எது முக்கியம், எங்கே பிழை புகும் என்பதை இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் என்ற முறையில் விரிவாக எழுதுகிறோம்.

முதலில், இப்போதைய கோப்பில் என்ன இருக்கிறது? எனர்ஜிபிளஸ் போன்ற கட்டட ஆற்றல் கணக்கீட்டு மென்பொருள்கள் படிக்கும் ஈபிடபிள்யூ (EPW) வகை வானிலைக் கோப்பில் 8 தலைப்பு வரிகள் இருக்கும். அதன்பின் ஆண்டின் 8760 மணி நேரத்துக்கும் மணிக்கு ஒரு வரி. வெப்பநிலை, பனிநிலை (காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை), ஈரப்பதம், காற்றழுத்தம், சூரியக் கதிர்வீச்சு, வானத்தின் அகச்சிவப்புக் கதிர்வீச்சு, காற்றின் வேகம், திசை என ஒவ்வொரு வரியிலும் மதிப்புகள் நிற்கும். மாதிரி ஆண்டு என்பது உண்மையில் நடந்த ஓர் ஆண்டு அல்ல. பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து வழக்கமான ஜனவரி ஒன்று, வழக்கமான பிப்ரவரி ஒன்று என்று எடுத்து ஒட்டியது. கடும் வெயில் அடித்த மே மாதம் அதில் இடம்பெறாது. இரண்டு கட்டட வடிவமைப்புகளை ஒப்பிட இது போதும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட கோடையில் கட்டடம் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிய இது போதாது.

சென்னையில் இந்தப் போதாமை கடற்காற்றில்தான் அதிகம் தெரியும். மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று கடற்காற்றைத் தள்ளிப்போடும். கடற்காற்று எப்போது நுழைகிறது என்பதே அன்றைய உச்ச வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடற்கரையை முதலில் தொடும் காற்று மேற்குப் புறநகர்களுக்குப் பிந்தித்தான் போகிறது, சில நாட்களில் போவதே இல்லை. கோடையில் மீனம்பாக்கத்தின் பகல் உச்சம் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதைச் செய்தித்தாள் படிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆனால் வெப்பநிலை வேறுபாட்டோடு விஷயம் முடிவதில்லை. இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள்.

கடற்காற்று வருவதற்கு முன் வெளியே 39 டிகிரி வெப்பம், 20 டிகிரி பனிநிலை என்று கொள்வோம். ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 14.7 கிராம் நீராவி இருக்கும். கடற்காற்று வந்தபின் 34 டிகிரி வெப்பம், 26 டிகிரி பனிநிலை. இப்போது நீராவி 21.4 கிராம். அறைக்குள் 24 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம் வைத்திருக்கும் ஒரு கட்டடம் நொடிக்கு 1000 லிட்டர் புதுக்காற்றை இழுக்கிறது என்றால், அந்தக் காற்றை மட்டும் குளிர்வித்து உலர்த்த முதல் நிலையில் சுமார் 32 கிலோவாட், அதாவது 9 டன் குளிரூட்டும் திறன் (ஒரு டன் சுமார் 3.5 கிலோவாட்) தேவை. இரண்டாம் நிலையில் சுமார் 47 கிலோவாட், 13 டன்னுக்கு மேல். தெருவில் நிற்பவருக்கு இதமாக இருக்கும் அதே காற்று, புதுக்காற்றுச் சுமையை ஏறத்தாழ 45 சதவீதம் கூட்டுகிறது. சுவர், கண்ணாடி வழியாக வரும் வெப்பம் அதே நேரத்தில் குறைகிறது. ஆகவே கண்ணாடிச் சுவர் அதிகமுள்ள அலுவலகத்துக்குக் கடற்காற்று நன்மை. புதுக்காற்று அதிகம் தேவைப்படும் மருத்துவமனைக்கும் திரையரங்குக்கும் அது கூடுதல் சுமை. கடற்காற்று பெசன்ட் நகருக்கு எத்தனை மணிக்கு வந்தது, போரூருக்கு எத்தனை மணிக்கு வந்தது என்பது தெரியாமல் இந்த இரண்டு வகைக் கட்டடங்களுக்கும் சரியான எண் சொல்ல முடியாது. நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ் வெப்பத்தையும் மட்டும் தரும் அறிக்கைகள் இதற்கு உதவாது. மணிவாரி வெப்பநிலையும் மணிவாரி பனிநிலையும் வேண்டும்.

இரவுக் கதை வேறு. நெருக்கமான தெருக்களில் பகலில் சுவரும் சாலையும் வாங்கிய வெப்பம் இரவில் மெதுவாக வெளியேறுகிறது. அதோடு ஒவ்வொரு ஏசியின் வெளி யூனிட்டும் அறையின் வெப்பத்தையும் தன் கம்ப்ரசர் உண்ணும் மின்சாரத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. வீடுகளில் ஏசி ஓடுவது பெரும்பாலும் இரவில்தான். வெளிவெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஸ்பிளிட் ஏசியின் மின்செலவு தோராயமாக 2 முதல் 3 சதவீதம் கூடும், அறைக்குள் வரும் வெப்பம் கூடுவது தனி. திறந்த வெளி விமான நிலையத்தின் இரவு வெப்பநிலையை தியாகராய நகர் வீட்டுக்குக் கொடுத்தால், கணினி மாதிரி அந்த வீட்டின் இரவு மின்தேவையைக் குறைத்தே காட்டும்.

சட்டவிதிகளும் இந்த நுணுக்கத்தைத் தொடுவதில்லை. ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்றும் வெப்ப ஈர மண்டலம். குடியிருப்புகளுக்கான ஆற்றல் விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரை தவிர்த்த சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பத்தின் அளவு சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அந்தச் சூத்திரத்தின் கெழுக்களும் மண்டலத்துக்கு ஒன்றாகவே உள்ளன. நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச விதிக்கு இது நியாயமே. ஆனால் முழுக் கட்டடத்தையும் மணிவாரியாகக் கணக்கிட்டுக் காட்டும் வழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு எந்தக் கோப்பைக் கொடுக்கிறோம் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது கருவிகள். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் வானிலைத் துறையின் நீண்ட காலப் பதிவுகள் உள்ளன. மீனம்பாக்கத்தில் விமானப் போக்குவரத்துக்காக அரை மணிக்கு ஒருமுறை அறிக்கை வெளியாகிறது. அதில் வெப்பநிலையும் பனிநிலையும் முழு எண்களாகவே இருக்கும். பனிநிலையில் அரை டிகிரி பிழை என்பது கிலோவுக்கு 0.6 கிராம் நீராவி. மேலே சொன்ன கட்டடத்தில் அது சுமார் 2 கிலோவாட். ஆகவே தசமத்தோடு கூடிய மூலப் பதிவுகள் வேண்டும். ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி, அரும்பாக்கம், ராயபுரம், கொடுங்கையூர், மணலி ஆகிய இடங்களில் காற்றுத்தர நிலையங்கள் தொடர்ச்சியாக இயங்குகின்றன. அவற்றில் மாசுகளோடு வெப்பநிலை, ஈரப்பதம், காற்று ஆகியவையும் பதிவாகின்றன. பள்ளிக்கரணையில் தலைமையிடம் கொண்ட தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை நடத்துகிறது. நேர்க்கதிர், சிதறிய கதிர் இரண்டையும் தனித்தனியே அளக்கும் தரமான கருவிகள் அவை. இந்த மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காற்றுத்தர நிலையங்களின் வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த சென்சார்கள் மாசுக் கணக்குக்குத் துணையாக வைக்கப்பட்டவை. ஏசி போட்ட சிறு அறையின் கூரைமேல் கம்பத்தில் இருந்தால் கூரையின் சூடும் ஏசியின் வெளிக்காற்றும் அளவீட்டில் கலக்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் அருகில், சரிபார்த்த சென்சார் ஒன்றைக் கோடையில் ஒரு மாதமும் வடகிழக்குப் பருவமழையில் ஒரு மாதமும் இணையாக ஓடவிட்டு, வேறுபாட்டை மணிவாரியாகப் பாருங்கள். வேறுபாடு எல்லா மணியிலும் ஒரே அளவாக இருந்தால் கழித்துத் திருத்தலாம். வெயிலேறும்போது ஏறி, வெயில் தாழும்போது இறங்கினால் சென்சாரின் கவசத்தில் கோளாறு. அந்த நிலையத்தின் பகல் வெப்பநிலையைப் பயன்படுத்தக் கூடாது.

புதிய நிலையங்கள் முதற்கட்டமாகப் பத்து போதும். கடலிலிருந்து மேற்கே ஒரு கோடு, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டித் தெற்கே ஒரு கோடு என அமைத்தால் கடற்காற்றின் நகர்வு பிடிபடும்: திருவான்மியூர், தியாகராய நகர், அண்ணா நகர், அம்பத்தூர், போரூர், பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், தெற்கே சோழிங்கநல்லூர், தாம்பரம், வடக்கே எண்ணூர். தட்பவெப்ப ஆய்வாளர்கள் ஸ்டூவர்ட், ஓக் இருவரும் 2012இல் வகுத்த உள்ளூர்த் தட்பவெப்ப வகைகளில் கட்டடப் பகுதிகளுக்கு 10 வகைகள் உண்டு. ஒவ்வொரு நிலையமும் சுற்றிலும் சில நூறு மீட்டருக்கு ஒரே வகையாக இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். பூங்காவுக்குள் வைத்துவிட்டுக் கடைத்தெருவின் வெப்பம் என்று பெயரிடக் கூடாது.

வைக்கும் முறையில் மொட்டை மாடியைத் தவிர்க்க வேண்டும். பாதுகாப்பு, மின்சாரம், அனுமதி எல்லாம் எளிதாகக் கிடைப்பதால் எல்லோரும் அங்கேதான் வைக்க விரும்புவார்கள். ஆனால் மாடித்தளத்தின் சூடு அந்த மாடிக்கே உரியது, தெருவின் காற்றுக்கு உரியது அல்ல. தெருவிளக்குக் கம்பம் போன்ற ஒன்றில் 3 முதல் 5 மீட்டர் உயரத்தில் வையுங்கள். நகர்ப்புற அளவீட்டுக்கான உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதலும் இந்த உயரத்தை ஏற்கிறது, கைபடாமலும் இருக்கும். ஏசி வெளி யூனிட், டிரான்ஸ்பார்மர், டீக்கடை அடுப்பு, ஜெனரேட்டர் புகைபோக்கி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. வெப்பநிலை சென்சார் 0.2 டிகிரி துல்லியத்தோடும் ஈரப்பத சென்சார் 2 சதவீதத் துல்லியத்தோடும் இருக்கட்டும். தட்டு அடுக்கிய சாதாரணக் கவசம் காற்று அசையாத வெயிலில் ஒரு டிகிரிக்கு மேல் கூட்டிக் காட்டும். நெருக்கமான தெருவில் காற்று அசையாத நேரமே அதிகம் என்பதால் விசிறி வைத்த கவசம் தேவை. விசிறி நின்றுபோனால் தெரியும்படி அதன் சுழற்சியையும் லாகரில் (அளவீடுகளைச் சேமிக்கும் கருவியில்) பதியுங்கள். நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு, 10 நிமிடச் சராசரி போதுமானது.

கதிர்வீச்சு அளவியைப் பத்து இடத்திலும் வைக்க வேண்டியதில்லை. வெயில் வெப்பநிலையைப் போல் தெருவுக்குத் தெரு மாறுவதில்லை. நிழல் விழாத உயரமான இரண்டு மூன்று இடங்கள் போதும், இங்கே மொட்டை மாடி பொருத்தமானதே. கண்ணாடிக் குமிழை வாரம் ஒருமுறை துடைக்க ஆள் வேண்டும். தூசியும் கடலுப்பும் படிந்த குமிழ் மெல்ல மெல்லக் குறைத்துக் காட்டும், அந்தச் சரிவு தரவில் பிழைபோலவே தெரியாது.

கடலோரத்தில் மற்றொரு தொல்லை ஈரப்பத சென்சார். மழைக்காலத்தில் நாட்கணக்கில் நனைந்தபின் அது 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொள்ளும், அல்லது நிரந்தரமாகச் சில சதவீதம் ஏற்றிக் காட்டத் தொடங்கும். வடிகட்டி மூடியை மழைக்கு முன்னும் பின்னும் மாற்றுங்கள். உதிரி சென்சார் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். மணிக்கணக்கில் ஒரே மதிப்பு மாறாமல் நின்றால் அந்தத் தரவை விலக்கும் சோதனையும் வேண்டும்.

அளந்ததைக் கோப்பாக்கும் கட்டத்தில்தான் பிழைகள் ஓசையின்றி நுழைகின்றன. அவற்றுள் நான்கை முக்கியமாகச் சொல்கிறோம்.

ஈரப்பதப் பிழைதான் மிகப் பெரியது. பலர் மீனம்பாக்கம் கோப்பை எடுத்து, நகர வெப்பத்துக்காக எல்லா மணிக்கும் 2 டிகிரி கூட்டி, ஈரப்பத சதவீதத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 32 டிகிரியில் 70 சதவீதம் என்றால் கிலோவுக்கு 21.1 கிராம் நீராவி. 34 டிகிரியில் அதே 70 சதவீதம் என்றால் 23.7 கிராம். எங்கிருந்தும் வராத 2.6 கிராம் நீராவி கோப்புக்குள் பிறந்துவிட்டது. நொடிக்கு 1000 லிட்டர் புதுக்காற்றில் இது ஏறக்குறைய 8 கிலோவாட் பொய்ச்சுமை. உண்மையில் கூட்ட நினைத்த 2 டிகிரியின் சுமையோ வெறும் 2.4 கிலோவாட். வெப்பநிலையைத் தொட்டால் நீராவியின் அளவை நிலையாக வைத்து, ஈரப்பத சதவீதத்தையும் பனிநிலையையும் சேர்த்தே மறுபடி கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, நேரம். சர்வதேச வானிலைப் பதிவுகள் உலகப் பொது நேரப்படி முழு மணியில் இருக்கும். நம் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே அந்த வாசிப்புகள் நமக்கு 8.30, 9.30 என்று அரை மணியில் விழும். ஐந்து அல்லது ஆறு மணி நேரம் என்று முழுசாக நகர்த்தினால் வெயிலுக்கும் வெப்பநிலைக்கும் இடையே அரை மணி விலகல் வரும். அரை மணியில் சூரியன் 7.5 டிகிரி நகர்கிறது. மேற்குக் கண்ணாடியின் உச்சநேரம் இதனால் இடம் மாறும். போதாக்குறைக்கு, கோப்பில் கதிர்வீச்சு என்பது அந்த வரியின் மணிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தின் மொத்தம். வெப்பநிலை என்பது அந்த நேரத்து வாசிப்பு. இரண்டையும் ஒரே மாதிரி சராசரி எடுக்கக் கூடாது.

மூன்றாவது, காற்று. கோப்பில் உள்ள காற்று வேகம் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளந்தது என்றே எனர்ஜிபிளஸ் எடுத்துக்கொள்ளும். கட்டடம் இருப்பது நகரம் என்று குறித்தால், அதே 10 மீட்டர் உயரத்தில் வேகத்தை ஏறக்குறைய 45 சதவீதமாகக் குறைத்துவிடும். தெருவிலேயே அளந்த காற்றை அந்தக் கோப்பில் போட்டால், ஏற்கெனவே தணிந்த காற்றை இன்னொரு முறை பாதிக்கும் கீழே தள்ளுகிறோம். ஜன்னல் காற்றோட்டத்தை நம்பி வடிவமைத்த வீடு அதனால் தோற்றதாகக் காட்டப்படும். வானிலை நிலையம் பற்றிய அமைப்பில் சென்சாரின் உண்மையான உயரத்தையும், உயரத்தோடு காற்று வேகம் எப்படிக் கூடுகிறது என்பதைக் குறிக்கும், நகரத்துக்குரிய 0.33 அடுக்கையும், 460 மீட்டர் எல்லைப் படல உயரத்தையும் (தரையின் உராய்வு காற்றைத் தணிக்கும் உயரம்) கொடுத்தால் இது சரியாகும். ஒவ்வொரு கோப்போடும் இந்த மூன்று எண்களையும் நீங்களே எழுதி வெளியிட வேண்டும். பயன்படுத்துபவர் ஊகிக்கும்படி விடக்கூடாது.

நான்காவது, விடுபட்ட தரவு. ஈபிடபிள்யூ கோப்பில் 99.9 என்பது வெப்பநிலை இல்லை என்பதற்கான குறி. எக்செல்லில் சராசரி எடுக்கும்போது அது நிஜ வெப்பநிலையாகக் கலந்துவிடும். மூன்று மணி நேரம் வரையிலான இடைவெளியை நேர்கோட்டில் நிரப்பலாம். அதற்கு மேல் என்றால் அருகிலுள்ள நிலையத்தோடு மணிவாரியாக உள்ள தொடர்பை வைத்து நிரப்ப வேண்டும். கடற்காற்று நுழையும் பிற்பகலில் மூன்று மணிகூட அதிகம், அங்கே அடுத்த நிலையத்தையே பாருங்கள். நிரப்பிய ஒவ்வொரு மணிக்கும் அடையாளம் இடுங்கள்.

கருவி வைக்காமல் கணினியிலேயே நகர வெப்பத்தை உருவாக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான அர்பன் வெதர் ஜெனரேட்டர் அப்படிப்பட்ட மென்பொருள். நகருக்கு வெளியே உள்ள திறந்த இடத்தின் (புறவெளி) கோப்பு ஒன்றைக் கொடுத்து, கட்டடங்களின் சராசரி உயரம், நிலப்பரப்பில் கட்டடம் பிடித்திருக்கும் பங்கு, மரங்களின் பங்கு, போக்குவரத்து வெப்பம் ஆகியவற்றைச் சொன்னால் நகரக் கோப்பைத் தரும். நல்ல கருவிதான். பிரான்சின் துலூஸ், சுவிட்சர்லாந்தின் பாசல் ஆகிய நகரங்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டு அதைச் சோதித்தார்கள். இரண்டும் கடலோர நகரங்கள் அல்ல. சென்னையில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பல்லாவரமும் ஆலந்தூரும் சூழ்ந்த மீனம்பாக்கம் இன்று புறவெளி அல்ல. நகர வெப்பம் கலந்த கோப்பில் மறுபடி நகர வெப்பத்தைக் கூட்டினால் இரட்டைக் கணக்கு. அடுத்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தாமதமாக நகரும் கடற்காற்றை அதனால் காட்ட முடியாது. நிலையங்களின் அளவீடுகள் வந்தபின், நிலையமில்லாத தெருக்களுக்கு இந்த மென்பொருளைச் சரிபார்த்துப் பயன்படுத்தலாம். அளவீட்டுக்கு மாற்றாக அதை வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று வகைக் கோப்புகள் வேண்டும். பத்தாண்டுப் பதிவு சேரும்வரை புதிய நிலையத்துக்கு மாதிரி ஆண்டு கிடைக்காது. ஆகவே நுங்கம்பாக்கத்தின் நீண்ட பதிவோடு ஒப்பிட்டுத் தற்காலிக மாதிரி ஆண்டு ஒன்று. ஏசியின் அளவை முடிவு செய்யவும், மின்தடையில் வீட்டுக்குள் வெப்பம் எவ்வளவு ஏறும் என்று பார்க்கவும் கடும் கோடை ஆண்டு ஒன்று. மூன்றாவதாக, நடந்து முடிந்த ஒவ்வோர் ஆண்டின் உண்மைக் கோப்பு.

இந்த மூன்றாவதை நாங்கள் மிகவும் வலியுறுத்துகிறோம். இயங்கும் கட்டடத்தின் மாதிரியை அதன் மின்கட்டண ரசீதோடு ஒப்பிட்டுத்தான் சரிசெய்ய முடியும். மாதாந்திர அளவில் மொத்த விலகல் 5 சதவீதத்துக்குள்ளும், மாதத்துக்கு மாதம் மாறும் விலகலின் சிதறல் 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் வழிகாட்டி 14. ரசீது உண்மையான மே மாதத்துக்கு, வானிலையோ ஒட்டுப்போட்ட ஆண்டின் மே மாதத்துக்கு என்றால், இந்த எல்லைக்குள் கொண்டுவருவதற்காக ஆட்களின் எண்ணிக்கையையும் காற்றுக் கசிவையும் இஷ்டத்துக்கு மாற்றும் நிலை வருகிறது. எண் பொருந்திவிடும், மாதிரி பொய்யாகிவிடும். அதன்பின் அந்த மாதிரி சொல்லும் சேமிப்பை நம்பிக் கூரைக்குப் பூச்சு அடிப்பதும் கண்ணாடி மாற்றுவதும் வீண்செலவில் முடியலாம். ரசீதில் மீட்டர் படித்த தேதியும் முக்கியம். அது மாதத்தின் முதல் நாளில் விழுவதில்லை, வீடுகளுக்கோ இரண்டு மாதக் கணக்கு. ஆகவே மாதச் சராசரிகள் பயன்படாது, தேதியோடு கூடிய மணிவாரித் தரவுதான் உதவும். 2024 போன்ற லீப் ஆண்டுக்கு 8784 மணி நேரம் இருக்க வேண்டும், தலைப்பு வரியிலும் அதைக் குறிக்க வேண்டும்.

செலவும் பொறுப்பும் யாருடையவை என்ற கேள்வி எழும். எங்கள் யோசனை இது. அளவீட்டின் தரத்துக்கு மண்டல வானிலை ஆய்வு மையம் பொறுப்பேற்கட்டும். கம்பம், மின்சாரம், பாதுகாப்பு ஆகியவற்றை மாநகராட்சியும் மற்ற உள்ளாட்சிகளும் தரட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் நிலையங்களின் பழைய பதிவுகளை 15 நிமிட அளவில், சென்சாரின் உயரம், இடம், சரிபார்த்த தேதி ஆகிய விவரங்களோடு தரட்டும். கோப்பாக்கும் பணியை நகரின் பொறியியல் கல்லூரி ஒன்றிடம் ஒப்படைத்து, அதற்கான நிரலையும் வெளிப்படையாக வைக்கலாம். வளர்ச்சிக் குழுமத்திடம் கேட்பது ஒரே ஒரு வரி. ஆற்றல் கணக்கீடு இணைக்கப்படும் ஒவ்வொரு திட்ட அனுமதி விண்ணப்பத்திலும், எந்த நிலையத்தின் எந்த ஆண்டுக் கோப்பு பயன்பட்டது, கட்டடத்திலிருந்து அது எத்தனை கிலோமீட்டர், காற்று அமைப்பில் எந்த எண்கள் கொடுக்கப்பட்டன என்று எழுதும் கட்டாயக் கட்டம் வேண்டும். சென்னைப் பெருநகரின் வளர்ச்சிக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிவரும் இந்த நேரத்தில் அந்தப் படிவத்தைத் திருத்துவது எளிது.

புதிய கம்பங்கள் நிற்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம், காற்றுத்தர நிலையங்கள் ஆகியவற்றின் கடந்த ஓராண்டுப் பதிவுகளை, திருத்தாத மூல வடிவிலேயே, முதலில் வெளியிடுங்கள். மேலே சொன்ன சோதனைகளை அவற்றில் ஓட்டி, எந்த நிலையத்தின் எந்த மணிகள் பயன்படும் என்ற பட்டியலைத் தயாரித்து உங்களுக்கே திருப்பித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சென்னையில் கட்டட ஆற்றல் கணக்கீட்டுப் பணி செய்வோர்